பெர்மிட் வந்த வருடத்துக் கார்னிவல்

சுவிஸுக்கு வந்த புதிதில், டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் என் கூட்டாளியும் நானும் மூன்று வருடம் கோப்பை கழுவினோம். பிறகு எனக்குச் சோலோதுர்னில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அவன் தெற்கே, இத்தாலியன் பேசும் திச்சீனோவுக்குப் போய், மலையடிவாரத்தில் பழைய கோட்டை ஒன்று நிற்கும் சின்ன ஊரில், ஓர் உணவகத்தில் சமையலுக்குச் சேர்ந்தான். ஒவ்வொரு வருடமும் மாசி மாதம் பிறந்தால் ரெலிபோன் எடுப்பான்.

"மச்சான், இந்த முறையாவது கார்னிவலுக்கு வா. ஊர் முழுக்கச் சதுக்கத்தில இருந்து ரிசோத்தோ சாப்பிடும். நான்தான் கிண்டுறன்."

"ஓம், வாறன்" என்பேன். போனதில்லை.

2004 இல் அவன் எடுத்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது. "மனுசிக்கும் பிள்ளைக்கும் பெர்மிட் வந்திட்டுது. கட்டாயம் வா. உன்னோட ஒரு விசயம் கதைக்கோணும்."

அவன் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டுப் பதினாலு வருடம். அப்போது மகளுக்கு ஒரு வயது. அவனிடம் இருந்த விசாவோடு போய் வரவும் முடியாது. அவர்களைக் கூப்பிடக் கேட்டதையும் சுவிஸ் அதிகாரிகள் இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். கேட்ட சந்தோசத்தில் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

கொத்தார்ட் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் கண் தெரியாத பனி. அந்தப் பக்கம் வெயில். கல் வீடுகள், பச்சை யன்னல் கதவுகள், தூண் வைத்த நடைபாதைகள், மேலே கோட்டை. ஸ்டேசனுக்கு வந்த அவன் தலைமயிரெல்லாம் வண்ணக் காகிதத் துண்டுகள். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

சதுக்கத்தில் நாலு பெரிய செப்புக் கிடாரங்கள். தோணித் துடுப்புப் போன்ற அகப்பைகளோடு ஆட்கள் கிண்டினார்கள். முகமூடி போட்ட பிள்ளைகள் ஓடித் திரிய, ட்ரம்பெட்டும் மேளமுமாக ஒரு கூட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. அவனுக்கென்று ஒரு கிடாரம் இருந்தது. கிழவர்கள் வந்து தோளில் தட்டி இத்தாலியனில் பகிடி விட்டார்கள். அவனும் சளைக்காமல் பதில் சொன்னான். டாவோஸில் வாய் திறக்காத ஆள் அவன்.

"இவை என்னை வெளியாளா நினைக்கிறேல்லை" என்று என் தட்டில் அள்ளி வைத்தான். ரிசோத்தோ, சீஸ் போட்டுக் குழைத்த அரிசிப் புக்கை மாதிரி இருந்தது. பக்கத்தில் ஓர் இறைச்சிச் சொசிச். நல்ல ருசி. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிய, புதிதாக எடுத்த வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு அறை. மகளின் அறையில் கட்டில், மேசை, விளக்கு. கட்டிலில் முயல் படம் போட்ட ரோஸ் நிற விரிப்பு. அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது.

"வடிவா இருக்கோ?"

"வடிவா இருக்கு. எப்ப வருகினம்?"

கட்டில் ஓரத்தில் இருந்தான். "மனுசி வரமாட்டாளாம்."

எனக்கு விளங்கவில்லை.

"என்ன கேட்டாலும் வேற ஒண்டும் சொல்லுறாளில்லை. நீ ஒருக்காக் கதை மச்சான். டாவோஸில இருக்கேக்கயே ரெலிபோனில உன்னை அண்ணை எண்டு கதைச்சவள். நீ கதைச்சாக் கேப்பாள்."

சுரண்டுற ரெலிபோன் கார்ட்டில் யாழ்ப்பாணத்துக்கு நம்பரை அடித்து, ரிசீவரை என் கையில் தந்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றான். கீழே மேளச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கதைக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, இவ்வளவு காலம் பொறுத்திட்டு இப்ப என்னம்மா?"

அவள் அழவில்லை. கத்தவில்லை. "அண்ணை, அவர் போகேக்க எனக்கு இருபத்திரண்டு. இப்ப முப்பத்தாறு. இஞ்ச பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பிள்ளைக்கு அப்பா எண்டா ரெலிபோனில வாற குரல்தான். குரலை நம்பி எல்லாத்தையும் விட்டிட்டு ஆரும் வருவினமோ? முதல் தரம் கேட்டபோது பெர்மிட் தந்திருந்தா ஓடி வந்திருப்பன். பிறகு கன காலம் அவரில கோபமா இருந்தன். இப்ப கோபமும் இல்லை. அதுதான் அண்ணை, இனி ஏலாது. வரமாட்டன் எண்டதுக்கு மேல அவரிட்டச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கோ."

கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கெஞ்சுவது? "சரியம்மா" என்று வைத்துவிட்டேன்.

அவன் திரும்பினான். "என்ன சொன்னவள்?"

முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "யோசிக்கோணுமாம். கொஞ்ச நாள் குடு எண்டு சொன்னா."

"பாத்தியோ! நான் சொன்னன், நீ கதைச்சாக் கேப்பாள் எண்டு." கண் கலங்கிப்போய் என் கையைப் பிடித்தான். பிறகு கிடாரம் கழுவ வேண்டும் என்று சதுக்கத்துக்கு இறங்கி ஓடினான். நான் பின்னேர ரயிலில் திரும்பினேன். வழி முழுக்க, வீட்டுக்குப் போனதும் எடுத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அந்தக் கிழமை எடுக்கவில்லை. அடுத்த கிழமையும் எடுக்கவில்லை.

அவன் காத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் கேட்டு வைத்தான். கோடை முடிய, பெர்மிட்டின் தவணையும் முடிந்தது. ஐப்பசியில் மனைவி தானாகவே எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். கார்னிவல் அன்று என்னிடம் சொன்னதையும் சேர்த்து.

ஒரு ஞாயிறு காலை எனக்கு எடுத்தான். ஏசுவான் என்று நினைத்தேன்.

"எட்டு மாசம் மச்சான்" என்றான். "நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"உன்ர முகத்தைப் பாத்து என்னால ஏலாமப் போச்சு."

"ஓம்" என்றான். "சரி, எனக்கு வேலைக்கு நேரமாகுது" என்று சொல்லி வைத்தான்.

அதன்பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அந்த ஊரிலேயேதான் இருக்கிறான் என்று கேள்வி. தனியாக.