எல்லை காத்த சலூன்காரர்

காளவாசலில் முகம் மழிக்க நுழைந்த ஒரு சலூனில்தான் அவரைச் சந்தித்தேன். ராணுவ நிறத்தில் அரைக்கால் சட்டை, காதில் செருகிய சீப்பு. டிவியில் போர்விமானம் வந்தால் போதும், கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். அன்றைக்கு, எல்லையை நெருங்கிய அயல்நாட்டு விமானம் ஒன்றை நம் விமானம் பறந்துபோய் மறித்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்ததும் சுட மாட்டாங்கண்ணே" என்றார். சீப்பு அவர்கள் விமானம், கத்தி நம்முடையது. "பக்கத்துலயே போயி ரெக்கைய இப்பிடி ஆட்டணும். மறிச்சாச்சு, பின்னாடி வாடான்னு அர்த்தம்." கத்தி என் மூக்குக்கு மேலே ஆடியது. "எல்லையில இம்புட்டு விட்டோம்னு வைங்க, நாளைக்கு அம்புட்டும் போயிரும்."

நான் நாட்டுப்பற்றோடு மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் தன் பெஞ்சை இழுத்துச் சலூன் வாசலுக்குள் பாதிவரை போட்டார். நாலு பேர் இலையோடு வந்து உட்கார்ந்தார்கள். சலூன்காரர் கத்தியும் கையுமாகத் திரும்பினார். மறிக்கப்போகிறார் என்று நானும் நிமிர்ந்தேன்.

"சாப்புடுங்கண்ணே, நல்லா சாப்புடுங்க" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியை என்னோடு சேர்த்து ஒரு முழம் உள்ளே தள்ளிக்கொண்டு, "ரெக்கைய ஆட்டுனதும் அவன் நடுங்கிட்டாண்ணே" என்று தொடர்ந்தார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பெஞ்சு இரண்டாகியிருந்தது. நாற்காலி பின்சுவரைத் தொட்டிருந்தது. நாட்டின் எல்லை மட்டும் பத்திரமாக இருந்தது.