மாசியில் போட்ட பட்டாணி

நாங்கள் விவசாயக் குடும்பம் என்பதை அப்பா யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்து எங்களுக்கு இருந்த விவசாயமெல்லாம் பெருங்களத்தூர் வீட்டின் பின்பக்கம், போர்வெல்லுக்கும் மதிலுக்கும் நடுவே, ஒரு கட்டில் போடுகிற அளவு மண்தான். மிச்ச நிலத்தில் நான் பிறப்பதற்கு முன்பே அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. அப்பா வாடகை வாங்கினார், மனை வாங்கி விற்றார், வானத்தைப் பார்த்து மழை வருமா வராதா என்று சொன்னார். பெரும்பாலும் தப்பாகச் சொன்னார்.

எனக்குப் பத்து வயதாகும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தியும் அவரும் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்துப் பழகியவர்கள். சித்திக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைக் கிராமம். அவளுடைய அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் மனசே இல்லை. வந்தார், அட்சதை போட்டார், கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கக்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

சித்தி கொண்டுவந்த சாமான்களில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருந்தது. உள்ளே பட்டாணி விதை. அவள் அப்பா மலையில் பட்டாணியும் கேரட்டும் போடுகிறவர். எங்கள் பின்பக்க மண்ணைப் பார்த்த நாளிலிருந்தே சித்திக்கு அதில் ஒரு கண்.

மார்கழியில் ஒருநாள் காலை அவள் அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். நான் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பா பல் தேய்த்தபடி வந்தார்.

“மாமா, எங்க ஊர்ல செடியே கருகுற மாதிரி பனி விழும். அதனால பனி போனதுக்கு அப்புறம்தான் பட்டாணி போடுவோம். இங்க அப்படி இல்ல. இங்க இருக்கறதே இந்தக் கொஞ்சூண்டு குளிர்தான். இப்பவே போட்டாதான் வரும்னு தோணுது. போடட்டுமா?”

அப்பா வாய் கொப்பளித்துத் துப்பினார்.

“இன்னாமா நீ, உங்க ஊர்லயே பனி போனாதான போடுறீங்க? இங்க மட்டும் பனியில போட்டா வெத அழுகிப்பூடாது? தை போவட்டும், மாசி பொறக்கட்டும். நாங்க பொறந்ததே வயக்காட்டுல.”

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்தார். “சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாசி பிறந்ததும் அப்பாவே மண்வெட்டி பிடித்தார். நாலு கொத்து கொத்திவிட்டு, என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சித்தியிடம் கொடுத்தார். விதைகள் முளைக்கவே செய்தன. கயிறு கட்டிவிட்டோம், ஏறின. வெள்ளையாகக் கொஞ்சம் பூக்கூட விட்டன. சித்தி அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, “அப்பா, இங்கயும் பூத்திருக்குப்பா” என்றாள். என்ன பதில் வந்ததோ, போனை வைத்தவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். காய்த்ததும் வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். கல்யாணத்தில் சாப்பிடாமல் போன மனிதர்! வீடே அமர்க்களப்பட்டது. அம்மா ஜன்னல்களுக்குப் புதுத் திரை தைக்கக் கொடுத்தாள்.

பங்குனி வெயில் சம்பந்தம் பார்த்தெல்லாம் அடிப்பதில்லை. அடியிலிருந்து இலை பழுத்துக்கொண்டு வந்தது. சித்தி பழைய வேட்டியை நனைத்து மேலே பந்தல் மாதிரி கட்டினாள். வேலைக்குக் கிளம்பும் முன்னும் வந்த கையோடும் தண்ணீர் தெளித்தாள். பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. அப்பா முதல் நாள் தண்ணீர் ஜாஸ்தி என்றார், அடுத்த நாள் தண்ணீர் பத்தவில்லை என்றார். சித்திரையில் சித்தியின் அப்பா வருகிற நாள் முடிவானபோது கயிறுகளில் காய்ந்த சுருள்கள்தான் தொங்கின.

“காஞ்சு போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன் மாமா” என்றாள் சித்தி.

“விவசாயக் குடும்பத்துல பட்டாணி காஞ்சிபோச்சுன்னா? மானம் போயிடும்மா. நான் பாத்துக்கறேன் வுடு.”

பார்த்துக்கொண்டார். கொடிகளைப் பிடுங்கி எறிந்து இடத்தைத் துப்புரவாக்கினார். அறுவடை முடிந்துவிட்டது என்று கணக்கு. பிறகு என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். கடை கடையாக ஏறி இறங்கினோம். தோலோடு பட்டாணி எங்கேயும் இல்லை.

“ஊட்டி வண்டி வர்ல சார். இதான் கீது, உரிச்சது” என்று ஒருவர் பாலிதீன் பையை நீட்டினார். உரித்ததாவது! காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றியது அது. எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிக்கொண்டார்.

அம்மா அதைக் கழுவினாள். தண்ணீர் பச்சையாக ஓடியது. மறுபடி கழுவினாள், மறுபடி பச்சை. “ஐயோ, கையெல்லாம் ஆவுதே” என்று புலம்பிக்கொண்டே சாதத்தில் போட்டாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்க்கா” என்றாள் சித்தி, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு.

“வாயத் தொறக்காத. உனக்காகத்தான் இவ்ளோ பேஜாரு.”

சித்தியின் அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு பை. வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய், கொத்திப்போட்ட மண்ணை ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பட்டாணி சாதம் பரிமாறினாள். வெந்த சாதத்தில் ஒவ்வொரு பட்டாணியைச் சுற்றியும் பச்சையாக ஒரு வட்டம் இறங்கியிருந்தது.

“நம்ம தோட்டத்துதுதான் சம்பந்தி, நேத்துதான் கடைசியா பறிச்சது” என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். “ஆமா தாத்தா, நானும் உரிச்சேன்” என்றேன்.

தாத்தா தன் விரல் நுனியைப் பார்த்தார். பச்சை. நிமிர்ந்து கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சிரித்தார். “நல்லா விளைஞ்சிருக்குதுங்க. இன்னுங் கொஞ்சம் போடுங்க” என்றார். இரண்டாம் தரமும் வாங்கி, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். மலை ஆளை ஏமாற்றிவிட்ட சந்தோஷம்.  ஆனால் தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது, ஆமாம் போட்ட என்னை நினைத்து அதைவிட வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கூசுகிறது. அவர் கோபித்துக்கொண்டு எழுந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இப்படிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறாரே!

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நானும் சித்தப்பாவும் போனோம். சித்தியும் செருப்பை மாட்டினாள். “இந்தப் புழுக்கத்துல நீ எதுக்கும்மா?” என்றார் அப்பா. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

பெருங்களத்தூர் நிறுத்தத்தில் வழக்கம்போல ஜனம். சித்தப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். நானும் தாத்தாவும் மட்டும் நின்றோம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரிடம் ஒரு உண்மையாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. பட்டாணி விஷயத்தைச் சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். அப்பா மானமும் போகாமல், சித்திக்கும் நல்ல பெயர் வருகிற மாதிரி ஒரு உண்மை வேண்டியிருந்தது.

“தாத்தா, சித்தி மார்கழியிலயே போடணும்னுதான் சொன்னாங்க. அப்பாதான் வேணாம், மாசியில போடுன்னு சொன்னாரு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அவ அப்பறம் ஒண்ணும் சொல்லலியா கண்ணு?”

“சொல்ல மாட்டாங்க தாத்தா. சித்தி ரொம்ப நல்லவங்க. எது சொன்னாலும் சரின்னுடுவாங்க.”

இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா அக்கம்பக்கத்தில் சித்தியைப் பற்றிப் பெருமையடிக்கும்போது சொல்லுகிற வார்த்தை அது. நான் அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்வது மாதிரியும் இல்லாமல், “எங்க ஊட்டுல எந்த விதைய எப்பப் போடறதுன்னு அவதான் சொல்லுவா. அவகிட்ட கேக்காம நான் கொத்தினதே இல்ல” என்றார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூவினார். ஜனம் ஏறியது. தாத்தா ஏறவில்லை. நாங்கள் வந்த தெருவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் இரைச்சலில் நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, இன்னும் சத்தமாக, இன்னொரு தரம் சொன்னேன்: “சித்தி எது சொன்னாலும் சரின்னுடுவாங்க தாத்தா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.”