பல்லுக்கொழுக்கட்டையும் பழுப்புப் பையும்

தவழ்கிற பிள்ளைக்குக் கடையில் விளையாட்டுச் சாமான் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். இந்த விஷயத்தில் நான் எட்டு வயதிலேயே கைதேர்ந்தவள். படித்து வாங்கிய பட்டமில்லை, சித்தியின் மகனை மேய்த்து வாங்கிய பட்டம்.

அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் தங்கை வயிற்றில் பிள்ளையோடு வந்து சேர்ந்தார். சித்தப்பா அதற்கு முன்பே கனடாவுக்குப் போய்விட்டார். விசா பேப்பர் சரிவந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனவர். பேப்பர் சரிவருமுன்பே பிள்ளை பிறந்து, குப்புறப் புரண்டு, தவழவும் தொடங்கிவிட்டது.

"பேப்பர் தவழுது, பிள்ளை ஓடுது" என்பார் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடுவார், சாப்பாட்டுக்குப் பதிலாகப் புத்திமதி தந்துவிட்டுப் போவார்.

சித்தியும் அம்மாவும் சமைக்கும்போது பிள்ளை என் பொறுப்பு. என் கடையில் இல்லாத சாமான் இல்லை. நாலு கடலை போட்டு மூடிய பால்மாப் பேணி, உருட்டிவிட்டால் தானும் பின்னால் உருளுவான். இடியப்பத் தட்டுகள், நிறம் நிறமாக அடுக்கிக் கொடுத்தால் ஒரே அடியில் சரித்துவிட்டு என்னைப் பார்ப்பான். உடுப்புக் கிளிப்பை என் மூக்கில் மாட்டினால் கெக்கட்டம் போட்டுச் சிரிப்பான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துவிட்டால் ராசா மாதிரி அசையாமல் இருப்பான். சித்தப்பா ஒருதரம் குரைக்கிற நாய்ப் பொம்மை ஒன்று அனுப்பினார். அது ஒருமுறை குரைத்தது, பிள்ளை அன்றைக்கு முழுக்கக் குரைத்தான். நாய் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. அது வந்த பெட்டி கிழியும்வரை எங்களுக்குப் பயன்பட்டது.

ஆனாலும் அவன் உயிரையே வைத்திருந்தது வேறொன்றில். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழுப்பு நிற ரெக்சின் பை. அதற்குள்தான் ஐசி என்கிற எல்லோருடைய அடையாள அட்டைகளும், யுத்தகாலத்தில் கொழும்பில் தங்குகிற தமிழர் எடுத்துவைக்கவேண்டிய பொலிஸ் பதிவும் இருந்தன. யாராவது கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் ஒரே ஒழுங்குதான். அம்மா பையை எடுப்பார், சித்தி பிள்ளையைத் தூக்குவார், அப்பா சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை போடுவார். பிறகுதான் கதவு திறக்கும். வெளியே நிற்பது சோதனைக்கு வந்த ஆமியாக இருக்கலாம், மீன்காரனாகவும் இருக்கலாம். "கையிலை இருந்தா வாயிலை வார்த்தை வரும்" என்பார் அம்மா. எனக்கு அது சாப்பிடமுன் கை கழுவுகிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

பிள்ளையோ அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பாய்ந்து போய் எடுக்கிற சாமான் என்றால் அது எவ்வளவு நல்ல சாமானாக இருக்கவேண்டும்! தட்டுகிற சத்தம் கேட்டால் எங்களுக்கு முந்தித் தவழ்ந்து ஆணிக்குக் கீழே போயிருந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு காத்திருப்பான். நானும் சும்மா விடவில்லை. அம்மா குளிக்கப் போகிற நேரம் பார்த்து மேசையில் தட்டுவேன், அவன் ஓடுவான், பையை இறக்கிக் கொடுப்பேன், சிப்பை இழுத்து இழுத்து விளையாடுவான். விளையாடி முடித்து அதைக் கதவை நோக்கி நீட்டவும் பழக்கிவிட்டேன். என் திறமையில் அது உச்சம்.

அப்படியிருக்கப் பிள்ளைக்குப் பல் முளைத்தது. எங்கள் ஆட்களுக்குப் பல் முளைத்தால் கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் பதித்து அவித்த சின்னக் கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலையில் கொட்டுவார்கள். பிறகு புத்தகம், பேனை, சங்கிலி, காசு, கத்தி என்று முன்னால் பரப்பிவிடுவார்கள். பிள்ளை தவழ்ந்து போய் எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் வருங்காலம்.

சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டபோது, இதை வீடியோ கசெட்டில் எடுத்து அனுப்பச் சொன்னார். கோல் வருவது கீழ்வீட்டில் இருந்த முஸ்லிம் ஆன்ரி வீட்டுக்கு. வந்தால் எல்லோரும் படியால் இறங்கி ஓடுவோம். "கெதியாய்க் கதையுங்கோ, அங்காலை அவருக்குக் காசு ஓடுது" என்று அம்மா பின்னால் நின்று விரட்டுவார். அன்றைக்குச் சித்தி கதைத்துவிட்டு மேலே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அக்கா, இவன் அசையிறதை அவர் பாக்கப்போறது இதுதான் முதல்தரம்" என்றார். "அவரின்ரை தமையன்ரை பிள்ளை லண்டனிலை டொக்டர்மார் நெஞ்சிலை வைக்கிற குழாயை எடுத்ததாம். இவன் கத்தியைக் கித்தியை எடுத்து வைச்சா?"

"அந்தப் பிள்ளைக்குக் குழாயைக் கிட்ட வைச்சு, மற்றதெல்லாத்தையும் அடுத்த தெருவிலை வைச்சிருப்பினம்" என்றார் மாமா. சட்டைப் பையிலிருந்து பளபளத்த பேனை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "மருமகள், உன்ரை கையிலைதான் குடும்ப மானம். உவன் பேனையை எடுக்கோணும்."

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? பேனையை நீத்துப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்து எடுத்தால் நாக்கில் ஒரு துளி சீனி. கொஞ்ச நாளில் எங்கே பேனையைக் கண்டாலும் வாயைத் திறந்துகொண்டு வரத் தொடங்கினான். "இனி டொக்டர்தான், போங்கோ" என்று மாமாவுக்கு உத்தரவாதம் கொடுத்தேன்.

கொழுக்கட்டை நாளன்று வீடியோக்காரர் பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கொழுக்கட்டையைக் கொட்டினார். தலையில் உருண்ட ஒன்றைப் பிடித்துப் பிள்ளை தன் ஒற்றைப் பல்லால் சோதித்துப் பார்த்தான். பாயில் சாமான்களைப் பரப்பினோம். பேனை நடுவில். பிள்ளை ஒரு கையை எடுத்து வைத்தான், மறு கையை எடுத்து வைத்தான், வாயைத் திறந்தான். என் நெஞ்சு விம்மியது.

கதவில் டக் டக் டக்.

அம்மா பையை எடுத்தார். சித்தி பிள்ளையைத் தூக்கப் பாய்ந்தவர், விளக்கு வயரில் கால் சிக்கி நின்றுவிட்டார். அப்பா அன்றைக்கு முதலே காற்சட்டையோடு இருந்ததால் கதவைத் திறந்தார்.

"என்ன, எல்லாரும் பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க? நான்தான் புள்ள. வட்டிலப்பம் கொண்டாந்தேன்." கீழ்வீட்டு ஆன்ரி தட்டோடு நின்றார்.

"உங்கடை வட்டிலப்பம் எங்களைச் சாக்கொல்லப் பாத்தது" என்று அம்மா சிரித்தார். கையிலிருந்த பையைப் பாயின் ஓரத்தில் போட்டுவிட்டுத் தட்டை வாங்கினார். ஆன்ரி போக, கதவு சாத்தியாயிற்று.

அம்மா திரும்புவதற்குள் பிள்ளை பேனையைத் தாண்டிவிட்டான். சங்கிலியைத் தாண்டினான். காசை முழங்காலால் மிதித்துக்கொண்டு போய்ப் பையின் வாரைப் பிடித்தான். இழுத்துக்கொண்டே கதவடிக்குப் போனான். கதவுக்கு நேரே அமர்ந்து, பையை இரண்டு கையாலும் தூக்கிச் சாத்தியிருந்த கதவுக்கு நீட்டினான். விளக்கு வெளிச்சம் அவன்மேல் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னோடு ஒருவரும் சிரிக்காததுதான் புதினம். அப்பா யன்னலடிக்குப் போய்க் கடலோர ரயில் பாதையைப் பார்த்தார், ரயில் ஒன்றும் வரவில்லை. சித்தி பிள்ளையின் தலைமயிரில் ஒட்டியிருந்த மாவைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். பேனையை எடுக்காத கோபமாக்கும் என்று நான் நினைத்தேன்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "அது ஒத்திகை. இனித்தான் படம். தம்பி, முன்னுக்கு வந்ததை வெட்டிவிடும்."

"ஓம், வெட்டுவம்" என்றார் வீடியோக்காரர்.

பையை மறைத்து வைத்தோம். இரண்டாம்முறை பிள்ளை நேரே பேனைக்குப் போய் எடுத்தான், எடுத்துவிட்டுச் சீனிக்கு வாயைத் திறந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா தன் பேனையின் ராசியைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினார். உழைத்தது நான், பெயர் பேனைக்கு.

கனடாவுக்குப் போன ஒருவரிடம் கசெட்டைக் கொடுத்தனுப்பினோம். பிறகு ஒரு காலையில் ஆன்ரி கீழே நின்று கூப்பிட, எல்லோரும் இறங்கி ஓடினோம். பிள்ளையையும் பால்மாப் பேணியையும் நான் தூக்கிக்கொண்டேன்.

"பாத்தனீங்களே?" சித்தியின் முகமெல்லாம் பல். "ஓம், பேனைதான்... ஓம், உங்களைப்போலத்தான்..." பிறகு குரல் இறங்கியது. "அதையும் பாத்திட்டியளோ? வெட்டச் சொன்னது... அது ஒண்டுமில்லை. சும்மா ஒரு பை. விளையாட்டுச் சாமான்."

சித்திக்கு விளக்கம் போதாது என்று எனக்குப் பட்டது. இப்படிப்பட்ட விஷயத்தை அதைச் செய்தவர்தானே சொல்லவேண்டும்? பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு ரிசீவரைப் பறித்தேன்.

"சித்தப்பா, அது எங்கடை ஐசி வைக்கிற பை. கதவு தட்டினா எடுக்கிறது. ஆமிக்குக் காட்ட. இவன் எங்கள் எல்லாருக்கும் முந்தி ஓடிப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிப்பான். நல்ல கெட்டிக்காரன். நான்தான் பழக்கினனான்!"

மறுபக்கத்தில் பாராட்டு வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை.

"ஹலோ! சித்தப்பா! ஹலோ!" என்று ஆன்ரி வீட்டுக் கூரை அதிரக் கத்தினேன். பிறகு ரிசீவரைச் சித்தியிடம் நீட்டினேன். "லைன் கட்டாயிட்டுது."

சித்தி அதைக் காதில் வைத்தார். வைத்தபடியே நின்றார். ஹலோ சொல்லவில்லை, ஓம் சொல்லவில்லை. ஆன்ரி ரேடியோவை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போனார். பிள்ளை சுருள் வயரைப் பிடித்து இழுத்தான். நான் பால்மாப் பேணியை உருட்டிவிட்டு அவனை அந்தப் பக்கம் திருப்பினேன். சித்தி இன்னும் அப்படியே நின்றார். லைன் கட்டாகியிருந்தால் வைத்துவிடவேண்டியதுதானே? கட்டாகாவிட்டால் கதைக்கவேண்டியதுதானே?

நான் அம்மாவைப் பார்த்தேன். கெதியாய்க் கதை என்று விரட்டுகிற அம்மா, அன்றைக்கென்று பார்த்து வாசலில் பேசாமல் நின்றார். இரண்டு பக்கமும் ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்காமல், கனடாவிலிருந்து காசு ஓடிக்கொண்டேயிருந்தது. இப்படியும் வீண்செலவு செய்வார்களா என்று எனக்கு ஒரே எரிச்சல்.