ஏசி பேனலுக்குள் ஒரு திருவிழா

"…அதனால இருட்டுனதுக்கப்புறம் நீ ஸ்டீரிங்கத் தொட வேணாம். ரயில்ல போ, ரயில்ல வா" என்று மாமா அக்காவிடம் சொல்லி முடித்தபோது, நான் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பதிலாகத் தோசைக்கல்லில் கரண்டி பேசியது.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. வீடு திருப்பாதிரிப்புலியூரில். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்த பழைய வண்டியில் தினமும் போய்வந்தாள். காருக்குள் இருக்கும்போதுதான் தன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பாள். முந்தின நாள் மழையில் முன்கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது. ஏசி பேனலுக்குள் இருக்கிற குட்டி பல்புகள் எல்லாம் எப்போதோ செத்துப்போயிருந்தன. கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பும் குமிழ் எது என்று இருட்டில் தடவப்போய், வண்டி ஒரு மைல்கல்லில் உரசிவிட்டது. அதற்குத்தான் இந்தத் தீர்ப்பு.

தப்பு அக்கா மேல் இல்லை, பல்பு மேல் என்றேன். அந்த பேனலே இப்போது வருவதில்லையாம், மெக்கானிக் கைவிரித்துவிட்டார் என்றார் மாமா. ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே சால்டரிங் பழகியவன் நான். பேனலைக் கழற்றி உள்ளே எல்.இ.டி. பற்றவைத்துத் தருகிறேன் என்றேன். மாமா நியாயமானவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்தது. அக்கா ஓட்டட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

எல்.இ.டி. வாங்க நான் போன இடம், கோயில் தெருவில் சீரியல் செட் கட்டும் கடை. திருவிழாவில் மிஞ்சியதை ஒரு கை அள்ளிக் கொடுத்தார் கடைக்காரர். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் பேனலை விரித்துப்போட்டு, நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ் என்று பார்த்துப் பார்த்து மூன்றைப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர். வண்டியில் மாட்டி விளக்கைப் போட்டால், பேனல் சிவப்பாக எரிந்து, பச்சையாகி, நீலத்துக்குத் தாவி, மறுபடி சிவப்பில் துடித்தது.

மாமா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், நாதஸ்வரம் எங்க?"

"சிரிக்காதீங்க. எனக்கு ஆறு மணிக்குப் பரீட்சை" என்றாள் அக்கா.

கடைக்காரருக்கு போன் போட்டேன். நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஏணி மேல் நின்றிருந்தார். "கலர் மாறுறதும் மாறாததும் கலந்திருக்கும், எரியாதப்ப எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான் தம்பி. வெச்சுப் பாத்து எடுக்கணும்" என்றார். இரண்டு பென்சில் பேட்டரியில் மிச்சத்தை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் எரிந்தவை இரண்டுதான். பேனலில் இடமோ மூன்று.

அக்கா யோசிக்கவே இல்லை. "ஃபேன் நாபுக்கு ஒண்ணு, கண்ணாடி நாபுக்கு ஒண்ணு. குளிரு ஜாஸ்தியா கம்மியான்னு என் உடம்புக்கே தெரியும்."

அப்படியே வைத்தேன். கிளம்பும்போது தூறல். ஆலப்பாக்கம் வருவதற்குள் இருட்டி, மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் நான். முன்னால் மாமா, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே, "லாரி… லாரி வருது" என்றார்.

"தெரியுதுங்க."

சொல்லிவைத்த மாதிரி கண்ணாடியில் ஆவி படிய ஆரம்பித்தது. மாமாவின் கை பேனல் பக்கம் நீண்டது. அதற்குள் அக்கா ஒரு தரம் கண்ணைத் தாழ்த்தினாள், இரண்டு குமிழையும் திருப்பினாள், மறுபடி சாலையைப் பார்த்தாள். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போனது. எதிரே வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடிந்தது.

மாமா கையை மடிக்கு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வைப்பர் போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கவாட்டில் கைவிட்டு, என் முழங்காலில் இடிக்கும் அளவுக்கு இருக்கையைப் பின்னால் சாய்த்து, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார். பரங்கிப்பேட்டை பிரிவு வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.