அம்மாவின் சாக்குக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அம்மாவுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலையில் தூக்கக் கூடாது, நாற்றுப் பண்ணைக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள் என்றார் வண்டிப்பெரியாரில் டாக்டர். திங்கட்கிழமை காலை, வேலை பிரிக்கும் மஸ்டரில் கொடுத்தால் அன்றைக்கே மாற்றுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மனு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா செய்வது எப்படிப்பட்ட வேலை என்கிற இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன். 'ஹெவி' என்றால் சின்னப் பையன் எழுதியதுபோல இருந்தது. 'ஆர்டுவஸ்' நல்ல சொல்தான். ஆனால் அது மலையேறுகிறவர்களுக்கு. பாடுபட்டு உச்சிக்குப் போனால் கைதட்டல் உண்டு. 'கம்பர்சம்' என்றால் தூக்கத் தோதில்லாதது; நனைந்து சரிகிற சாக்குக்குப் பொருந்தும், வேலைக்குப் பொருந்தாது. 'பர்டன்சம்' போட்டால் அம்மாவே எஸ்டேட்டுக்குப் பாரம் என்று படித்துவிடுவார்களோ? 'ஆனரஸ்' என்றால் மேலே சுமத்தப்பட்ட கடமையின் பாரம். சரிதான், ஆனால் வேலை செய்யவே பிடிக்கவில்லை என்று ஆகிவிடாதா?

"என்னலே, ஒரு கடுதாசிக்கு இம்புட்டு நேரமா? பரீச்சையா எழுதுத?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. ஒரு வார்த்தை அமைய மாட்டேங்குது."

"கழுத்து வலிக்குன்னு எழுதேன். அதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லையாக்கும்?"

எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்தேன். இருட்டும் நேரத்தில் 'ஆனரஸ்' என்றே எழுதி முடித்தேன்.

காலையில் மஸ்டரில் மலையாளியான பீல்டு ஆபீசர் மனுவை ஒரே பார்வையில் முடித்துவிட்டார். "எத்தற கிலோ தூக்கறாங்கன்னு இல்லல்லோ? எடை போடுற இடம் எத்தற தூரம்? மானேஜர் அதல்லே கேப்பாரு."

எனக்கு இரண்டும் தெரியாது. அம்மா சொன்னாள்: "முப்பது கிலோ சார். நனைஞ்சா கூடும். ஓடையத் தாண்டி அர மணி நேரம் ஏறணும்."

"அத எழுதிக் கொண்டா மோனே. மானேஜர் இப்போ கெளம்புறாரு. உச்சைக்குத் திரும்பி வரும்போ கையெழுத்து வாங்கித் தரேன்."

மதியம் வரை பழைய வேலைதான். அம்மா சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்பவாவது சட்டுனு எழுதுலே," என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு கொழுந்து பறிக்க மேட்டுக் காட்டுக்கு நடந்தாள்.

மஸ்டர் படியில் உட்கார்ந்து கிலோவையும் தூரத்தையும் எழுதினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. மதியம் கையெழுத்தும் விழுந்தது, மறுநாள் முதல் நாற்றுப் பண்ணை. ஆனால் அன்றைய முப்பது கிலோவை அம்மா அதற்குள் சுமந்து இறக்கிவிட்டிருந்தாள்.