லகாட்டுக்கு அப்பால் முப்பத்தெட்டு நிமிடம்

மெதுவாக நடப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மலைக்கோட்டைப் படியில்கூட முன்னால் போகிறவரை முறைத்துக்கொண்டே ஏறுகிற திருச்சிக்காரி நான். அப்படிப்பட்டவள் உலகத்திலேயே மெதுவான மெட்டல் இசையைக் கேட்க ஈப்போவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். டிக்கெட் முப்பத்தாறு ரிங்கிட். உள்ளே அப்படியொரு குளிர். துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பாரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் மலைகள் வந்தன. கல் உடைத்த இடமெல்லாம் பாதி கடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

பத்து இருபதுக்கு ஈப்போ. வெளியே குணா காத்திருந்தார். அந்த இசையை வாசிக்கிறவர்; என் கட்டுரைகளைப் படித்துவிட்டு முகநூலில் பேசத் தொடங்கியவர். நாற்பத்திரண்டு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, குனோங் ராபாட்டில் குடியிருப்பு. கறுப்புச் சட்டை, தோள்வரை முடி, நெற்றியில் திருநீறு.

"வாங்க அக்கா. மொதல்ல சாப்பிடலாம் லா. பசியோட கேட்டா இந்த மியூசிக் இன்னும் மெதுவா இருக்கும்."

மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் உணவகத்தில் நம்மூர் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் ஆளுக்கு இரண்டு, நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று. சாப்பிட்டுக்கொண்டே, தான் வாசிக்கும் டூம் மெட்டலின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் ஆலைப் புகை படிந்த ஒரு நகரம். அங்கே வளர்ந்த சிலர் கிட்டார் கம்பியைத் தளர்த்திக் கட்டினார்கள். சத்தம் கீழே இறங்கிக் கனத்தது. பிறகு வந்த மெட்டல்காரர்கள் எல்லாம் யார் வேகம் என்று போட்டி போட்டபோது, சிலர் மட்டும் அந்தக் கனத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் போனார்கள். வடக்கே பின்லாந்துப் பக்கம் அதில் தேவாலய ஆர்கனையும் அடிவயிற்று உறுமலையும் சேர்த்து ஃபியூனரல் டூம் ஆக்கிவிட்டார்கள். சவ ஊர்வல இசை.

"அவ்வளவு சோகத்தைக் காசு கொடுத்து யாருங்க கேக்கிறது?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அவர் கோபப்படவில்லை. எம்.சி.ஓ. காலத்தில், அதாவது கொரோனாவுக்காக நாட்டையே பூட்டி வைத்திருந்த நாட்களில், அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்தவர். உடலை வீட்டுக்குத் தரவில்லை. மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. தகனக் கூடத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் குணா.

"அப்புறம் ஒருநாள் தோட்டத்துக்குப் போனேன் அக்கா. லயத்து வீட்டுலேர்ந்து சுடுகாடு வரைக்கும் பாடை தூக்கிட்டுப் போற மாதிரியே நடந்து பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிஷம். நான் போட்ட பாட்டும் முப்பத்தெட்டு நிமிஷம். அப்பாவோட வேலை செஞ்சவங்க இன்னைக்கு அதை ஒருதரம் கேக்கணும். பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா, அப்பாவை மறுபடியும் தனியா அனுப்பின மாதிரிதான்."

அவருக்கு இன்னொரு தே தாரேக் சொன்னேன்.

பன்னிரண்டரைக்குக் குணாவின் காரில் கிளம்பினோம். பின்சீட்டில் டிரம் வாசிக்கும் ரவி. வார இறுதிகளில் உறுமி மேளக் குழுவில் அடிப்பவர். அவருக்கு இந்த இசையில் ஒரு மனத்தாங்கல். "நான் எத்தனை சாவுக்கு அடிச்சிருக்கேன். சாவு மேளம்னா பொணமே எந்திரிச்சு ஆடணும். இவன் என்னடான்னா ஒரு அடி அடிச்சுட்டு அடுத்த அடிக்குள்ள ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம்ங்கிற மாதிரி வச்சிருக்கான் அக்கா."

லகாட் என்ற சிற்றூரைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் குணாவின் அப்பா வேலை செய்த தோட்டம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கு எட்டியவரை செம்பனை எனும் எண்ணெய்ப் பனை. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். முனியாண்டி கோயிலும் அதை ஒட்டிய டேவானும்தான் மிச்சம். டேவான் என்றால் பொது மண்டபம். ஒன்றே காலுக்கு உள்ளே நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

அறுபது பேராவது இருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அடுக்கு அடுக்காகப் பிஸ்கட், பெரிய கேத்தலில் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி. மேடையில் குணாவின் அப்பா படம், மாலையோடு.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற சரோஜா அக்கா ஓடி வந்தார். "ஏன்டா இவ்வளவு லேட்டு? காரியத்துக்கு எல்லாரும் எப்பவோ வந்தாச்சு."

"காரியமா? யாரு சொன்னா?"

"நீதானே போன்ல சொன்ன, அப்பாவுக்குச் சாவு பாட்டுன்னு? வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். அவ்வளவு தூரம், பாரிட் புந்தார்லேர்ந்துகூட வந்திருக்காங்க."

"அக்கா, அது மியூசிக் லா!"

"இருக்கட்டும். அப்பாவுக்குத்தானே?"

குணா கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "துக்கத்துக்கு வந்தவங்க முன்னாடி நான் போய் உறுமினா செருப்பால அடிப்பாங்க. வேணாம்க்கா, போயிடலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அடிச்சா பார்த்துக்கலாம். இத்தனை தூரம் என்னை இழுத்துட்டு வந்துட்டு இப்பப் போயிடலாமா? போய் வாசிங்க" என்று அதட்டினேன்.

இரண்டு மணிக்கு முதல் அடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பெரியவர் கையிலிருந்த காப்பி மடியில் சிந்தியது. "ஐயோ, என்ன சத்தம்டி இது!" என்று பின்னால் யாரோ காதைப் பொத்தினார். கிட்டாரின் ஒரு ஒலி எழுந்து, நீண்டு, தேய்ந்து, முற்றிலும் அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. பத்து நிமிடம் எனக்குக் கால் துடித்தது. பிறகு எப்போது அடங்கியது என்று தெரியாது.

பிறகு குணா உறுமத் தொடங்கினார். முதலில் சொல் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் அவ்வளவு நேரம் இழுத்ததால் மெல்ல மெல்லப் புரிந்தது. 'லயம்' என்றார். நாலைந்து நிமிடம் கழித்து 'கோயில்'. அப்புறம் 'பால் ஸ்டோர்', மரத்திலிருந்து இறக்கிய பாலைக் கொண்டுவந்து கொட்டும் இடம். பாட்டு முழுவதும் அந்தப் பாதைதான். கூட்டத்தில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

'பாலம்' என்று குணா உறுமினார். சரோஜா அக்கா எழுந்தார். அவரைத் தொடர்ந்து பெண்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

குணாவின் கை ஒரு கணம் கம்பியில் நின்றுவிட்டதைப் பார்த்தேன். ரவி நிறுத்தவில்லை, அடுத்த அடியைப் போட்டார். குணா தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். சரோஜா அக்கா என் கையையும் பிடித்து வெளியே இழுத்துப் போனார். சண்டை போடக்கூட அவகாசம் தரவில்லை.

மிச்சப் பாட்டை வெயிலில் நின்று கேட்டோம். உள்ளே ஆண்கள் எழுந்து மேடை அருகே போய் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

முடிந்ததும் குணா வெளியே ஓடி வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டிப்போயிருந்தது. "புடிக்கலையா அக்கா? எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டீங்களே."

சரோஜா அக்கா அவரை விநோதமாகப் பார்த்தார். "பாலம் வந்திருச்சேடா. சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க அதுக்கு மேல எப்படி வர்றது?"

எங்கள் ஊரிலும் பெண்களைத் தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். அதற்காக நான் போடாத சண்டை இல்லை, இனியும் போடுவேன். அன்றைக்கு மட்டும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. குணா படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாக அழுதார். ரவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார்.

மணி மூன்று. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குழாயில் கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். குணாவைக் கடந்துதான் எல்லோரும் போனார்கள்; ஒருவர்கூட "வாரேன்" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை.

நாலே முக்காலுக்கு எனக்கு ரயில். என்னை ஈப்போவில் விட லகாட்காரர் ஒருவர் காரோடு நின்றார். ஒரு நாள் முழுக்கச் சோறு போட்டு ஊர் காட்டிய குணாவிடம் நன்றி சொல்ல வேண்டுமென்று வாய்வரை வந்தது. நானும் காலைக் கழுவிக்கொண்டு, எதுவும் சொல்லாமல், அவரைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினேன்.