காலியாக வந்த சாப்பாட்டு டப்பா

2002-ஆம் வருடம், பிப்ரவரி மாதம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. கும்பகோணம் பக்கத்திலிருந்து நேராகப் போய் அந்த அபார்ட்மென்ட்டில் இறங்கியவள் நான். வந்த புதிதில் டிஷ்வாஷர், கார்ப்பெட், சுடுதண்ணீர் எல்லாம் அதிசயமாக இருந்தது. அதிசயம் எத்தனை நாளைக்கு? அப்புறம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பித்தேன்.

எனக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டிருக்கிறது என்று ஊரில் அத்தா, அதாவது என் அப்பா, சொல்வார். ஓர் இடத்தில் உட்கார வராது. ஆனால் அந்த ஊரில் எங்கே போவது? கார் ஓட்டத் தெரியாது. கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்குப் போகவும் கூடாது. மச்சான் (எங்கள் பக்கம் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலையில் ஆபீஸ் போனால் மாலையில்தான் வருவார். அவர் வந்ததும் விட்ட குறை தொட்ட குறையெல்லாம் பேசித் தீர்த்துவிடுவேன். பாவம், அவருக்கு வாய் திறக்க இடமே இருக்காது.

நடந்து போகிற தூரத்தில் ஊர் லைப்ரரி இருந்தது. புதிதாக வந்தவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்தவளாயிற்றே, விடுவேனா? உடனே பெயர் கொடுத்தேன். எனக்கு வந்து வாய்த்தது கொரியாக்காரப் பெண்கள் நாலைந்து பேர்.

கொரியாவிலேயே அச்சடித்த ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். கடையில் என்ன பேசுவது, டாக்டரிடம் என்ன பேசுவது, பஸ்ஸில் என்ன பேசுவது என்று பக்கத்துக்குப் பக்கம் ஆங்கில வசனங்கள். நான் ஒரு தரம் சொல்ல, மதரசாவில் பிள்ளைகள் ஓதுகிற மாதிரி எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர், முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி, ‘உனக்கு என்ன வயசு?’ அங்கே நின்றிருந்த லைப்ரரி அம்மாள் பதறிப்போய், அமெரிக்காவில் அதையெல்லாம் கேட்கக் கூடாது என்றார். கேட்காமல் எப்படி? பெரியவரா சின்னவரா என்று தெரிந்தால்தானே முறை வைத்துக் கூப்பிட முடியும்? கொரியாவிலும் அதே கதைதானாம். அவர் மூத்தவர் என்று தெரிந்ததும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற கஷ்டம் ரெண்டு பேருக்கும் விட்டது.

கொரிய அக்கா வகுப்புக்கு வரும்போது கிம்பாப் கொண்டுவருவார். கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டி வட்டம் வட்டமாக நறுக்கியது. நான் பன்றிக் கறி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து, எனக்கென்று தனியாக முட்டையும் கேரட்டும் வைத்துச் செய்து ஒரு டப்பாவில் தருவார். சாப்பிட்டேனா என்று கேட்காமல் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. முன்பெல்லாம் மச்சான் வந்ததும் வராததுமாக ஃப்ரீவே டிராஃபிக்கைத் திட்டுவார், மேனேஜரைத் திட்டுவார். இப்போது யாரையும் திட்டுவதில்லை. நான் பேசுவதற்கெல்லாம் ‘ம்’ என்பார். டிவியைப் பார்ப்பார், சேனலை மாற்றமாட்டார். ஷூவில் பச்சையாக என்னத்தையோ மிதித்துக்கொண்டு வந்து கார்ப்பெட்டில் ஒட்டவைப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “ஆபீஸ்ல வாத்து வளக்கறீங்களா மச்சான்?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். ஆபீஸ் புல்வெளியில் வாத்து நிறைய வருகிறது என்றார். இருக்கலாம். அந்த ஊரில் கனடா வாத்துகள் எங்கேயும் குடும்பத்தோடு உலாத்தும். நானும் விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறுதல். கட்டிக்கொடுக்கிற சோறு மிச்சமே வராது. எலுமிச்சைச் சோறாகட்டும், நெய்ச்சோறாகட்டும், டப்பா துடைத்தாற்போல் காலியாக வரும். வந்ததும் கேட்பேன், “சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேன்” என்பார். வயிறு நிறைந்திருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று என் மனதை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். ஆனாலும் ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பேன். ஆள் முகத்தில் களையே இல்லையே. வேறு யாரையாவது பிடித்துவிட்டதோ? என்னைப் பிடிக்கவில்லையோ? ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு புதன்கிழமை வகுப்பில், வீட்டில் பேசுகிற வசனங்கள் வந்தன. அன்றைக்கு முதல் வசனம், ‘ஹவ் வாஸ் யுவர் டே?’ சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து, இன்றைய பொழுது எப்படிப் போனது என்று கேட்பது என விளக்கினேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது, சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்போம் என்றார் ஒரு பெண். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊரிலும் அச்சு அசல் அதேதான், கடல் தாண்டி போன் போட்டாலும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான் என்றேன். வகுப்பே சிரித்தது. கொரிய அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். ‘குட்’, ‘நாட் பேட்’, ‘சேம் அஸ் யூஷுவல்.’ அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, எழுந்து நிற்காமல், புத்தகத்தைப் பார்க்காமல், தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் நாட்டில் சில வருடங்களுக்கு முன்னால் கம்பெனிகள் வரிசையாக மூடினவாம். அவர் கணவருக்கும் வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் கோட் சூட் போட்டுக்கொண்டு, டையைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊருக்குப் பின்னால் இருந்த மலையில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு இறங்கி வீட்டுக்கு வருவார். அப்படி நிறைய ஆம்பிளைகள் அந்த மலையில் இருந்தார்களாம், ஒருவரோடொருவர் பேசாமல். அக்காவுக்கு ஷூவில் ஒட்டியிருந்த மலை மண்ணைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அவமானமாக இருக்குமே என்று தினமும் சாப்பாடு கட்டிக்கொடுத்தார், வந்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்டார், அவரும் சாப்பிட்டாச்சு என்றார். பிறகு வேறு வேலை கிடைத்தது, இங்கே வந்தார்கள், எல்லாம் சரியாகிவிட்டது.

“வேலை திரும்பி வந்துச்சு. பேச்சு போனது போனதுதான், திரும்பி வரல” என்று முடித்தார்.

ஷூ என்று அவர் சொன்னபோதே எனக்கு எங்கள் வீட்டுக் கார்ப்பெட் ஞாபகம் வந்துவிட்டது. நான் மேஜைக்கு அடியில் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். லைப்ரரிக்கு எதிரில் லேக் எலிசபெத் என்று ஒரு பெரிய ஏரி, சுற்றிலும் பூங்கா. வகுப்புக்கு முன்னால் அந்தக் கரையில் நடந்துவிட்டு வந்திருந்தேன். செருப்பின் ஓரத்தில் பச்சையாக வாத்து எச்சம். கார்ப்பெட்டில் நான் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிற அதே பச்சை.

வாத்து எல்லா இடத்திலும் இருக்கிறது, புத்தி கெட்டுப் போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே? வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் இருந்த பப்ளிக் போனுக்கு ஓடினேன். மச்சானுடைய ஆபீஸ் நம்பர் மனப்பாடம். அடித்தால், அவர் குரலில் இருந்த பழைய மெசேஜ் இல்லை. இந்த எண்ணில் யாரும் இல்லை, வரவேற்பறையைக் கூப்பிடுங்கள் என்று ஒரு மெஷின் சொன்னது. போனை வைக்கக்கூடத் தெரியாமல் நின்றேன்.

அந்த வருஷம் ஊர் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி கம்பெனியாக ஆளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் விசாவும் போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான். நியூயார்க்கில் ரெண்டு கோபுரமும் விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, எங்களைப் போன்ற முஸ்லிம் பெயர் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சமயம் வேலை தேடுவது அதைவிடப் பயம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வேலையும் விசாவும் ஞாபகம் வரவில்லை. ஏரி ஆழமா என்பதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பினால் கொரிய அக்கா என் பையையும் எனக்கென்று கொண்டுவந்த கிம்பாப் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். அவருக்கு என் முகம் போன போக்கே போதுமாக இருந்திருக்கும். ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டிப் பூங்காவுக்குப் போனோம். நடந்தோமா ஓடினோமா தெரியாது. யா அல்லாஹ், அவர் அங்கே இருக்கட்டும், அவர் அங்கே இருக்கக் கூடாது என்று ரெண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு பார்க்கிங் லாட்டில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தூறல் வேறு ஆரம்பித்தது.

ஏரியின் அந்தக் கோடியில் ஒரே ஒரு காரைச் சுற்றி வாத்துகள் கூட்டமாக நின்றன. பந்தி போடக் காத்திருக்கிற மாதிரி. அது எங்கள் கார்.

மச்சான் கதவை லேசாகத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அதை இஸ்திரி போட்டவள் நான்தான். மடியில் டப்பா. கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். காலையில் நான் செய்து கொடுத்த நெய்ச்சோறு. ஒரு வாய்கூட அவர் வாய்க்குப் போகவில்லை. துடைத்தாற்போல் டப்பா வந்த ரகசியம் அதுதான். மாப்பிள்ளைக்கு என் கைப்பக்குவம் அவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமை பேசினேனே, அந்தப் பெருமையையெல்லாம் வாத்து தின்றுகொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கொரிய அக்கா என் கையில் கிம்பாப் டப்பாவை வைத்து அழுத்தினார். “இன்னைக்கே பேசு. நாளைக்குன்னு வைக்காதே” என்றார். திரும்பிப் பார்க்காமல் லைப்ரரிப் பக்கம் நடந்துவிட்டார்.

நான் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். கையில் ஒட்டிய சோறு அப்படியே இருக்கிறது. என்னென்னவோ கேட்க நினைத்துப் போனேன். வாயில் வந்தது பழைய கேள்விதான்.

“சாப்பிட்டீங்களா மச்சான்?”

டப்பாவை மூடிவிட்டு, “இல்ல புள்ள” என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் உடைந்துவிட்டார். ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஜனவரியிலேயே அனுப்பிவிட்டார்களாம். “உங்க அத்தா ஊரெல்லாம் சொல்லித்தானே உன்ன அனுப்பி வச்சாரு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?” என்றார். இங்கிருந்தே தினமும் அப்ளை பண்ணுகிறேன், யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டவர்களும் பெயரைக் கேட்டுவிட்டு இழுக்கிறார்கள் என்றார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான பிறகு அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிம்பாப்பைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதற்குள் கடற்பாசி நமுத்துப் போயிருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. வாத்துகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்து போயின.

“நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டறேன். ஒண்ணா இங்க வந்து உக்காருவோம்” என்றேன்.

அப்படித்தான் போனோம். அவர் அப்ளை பண்ணுவார், இன்டர்வியூ கேள்விகளை நான் கேட்பேன், அவர் பதில் சொல்வார். அத்தாவிடம் நானே போனில் சொன்னேன். அவர் பதறவில்லை. “மாப்பிள்ளகிட்ட போனக் குடு” என்றார். குசலம் மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். விசா கெடு முடியப்போகிற நேரத்தில் டெக்சாஸில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, தட்டுமுட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு காப்பெல் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கிளம்புவதற்கு முன் கொரிய அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவரும் வீட்டுக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாராம், தங்கள் மொழியில். அதுவும் இன்றைய பொழுதைப் பற்றி இல்லை. அந்த மலையில் பொழுது எப்படிப் போனது என்று. அவர் எழுந்து போய்ப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்துவிட்டு வந்து, ‘ரொம்பக் குளிரா இருந்துச்சு’ என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது எனக்கு ரெண்டு பிள்ளைகள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் “சாப்பிட்டியா?” என்பேன். ‘யெஸ் மா’ என்பார்கள். ‘ஹவ் வாஸ் யுவர் டே?’ என்பேன். ‘குட்’ என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடப் பார்ப்பார்கள். விடமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத நான் கற்றுக்கொண்டது அதைத்தான். துடைத்தாற்போல் காலியாக வருகிற டப்பாவைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனசு நிறைவதில்லை, அதைக் கொண்டுவந்தவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கழுவப் போடுகிறேன்.